‘உச்ச நீதிமன்றம் சொன்னது’ என்று எழுதுவதற்கு முன்

சட்ட ஆய்விதழ்களுக்கு வரும் தீர்ப்பு விமர்சனக் கட்டுரைகளில் பல, முதல் பக்கத்திலேயே ஆட்டம் கண்டுவிடுகின்றன. நடையோ சட்ட அறிவோ அதற்குக் காரணமில்லை. “இந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வாறு தீர்மானித்தது” என்று ஒரு வரி வரும். அந்த வரி சரிதானா என்று எழுதியவர் சோதித்திருக்க மாட்டார். அதன்மேல் இருபது பக்கத்துக்குப் பாராட்டோ கண்டனமோ அடுக்கியிருப்பார். எத்தனை நீதிபதிகள் அமர்ந்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் இந்தக் கருத்துக்குக் கையெழுத்திட்டார்கள்? வழக்கை முடிக்க அந்தக் கருத்து தேவைப்பட்டதா? இந்த மூன்றுக்கும் விடை காணாமல் எழுதிய விமர்சனம் யாருக்கும் பயன்படாது. அதை நம்பி ஒரு ஜூனியர் வக்கீல் வாதாடப் போனால், எதிர்த்தரப்பு ஒரே நிமிடத்தில் மடக்கிவிடும்.

எல்லோருக்கும் தெரிந்த தீர்ப்பையே எடுத்துக்கொள்வோம். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று சொன்ன புட்டசாமி தீர்ப்பு, 2017 ஆகஸ்ட் 24, ஒன்பது நீதிபதிகள், 547 பக்கம். முடிவில் ஒன்பது பேரும் ஒருமித்தார்கள் என்பது உண்மை. ஆனால் எழுதப்பட்டவை ஆறு தனித்தனித் தீர்ப்புகள். டி.ஒய். சந்திரசூட் எழுதிய நீண்ட தீர்ப்பு அவர் உட்பட நான்கு பேருடையது. மற்ற ஐவரும், செலமேஸ்வர், பாப்டே, நரிமன், சப்ரே, கௌல், ஆளுக்கொன்றாக எழுதினார்கள். ஆக, அதிகம் மேற்கோள் காட்டப்படும் அந்தத் தீர்ப்பு ஒன்பதில் நான்கு பேரின் குரல். அதில் வரும் மும்முனைச் சோதனையை (சட்டம் இருக்க வேண்டும், நியாயமான அரசு நோக்கம் இருக்க வேண்டும், நடவடிக்கை நோக்கத்தை மிஞ்சக் கூடாது) “ஒன்பது நீதிபதிகள் வகுத்த சோதனை” என்று எழுதிவிடுகிறார்கள். கௌல் தம் தீர்ப்பில் நடைமுறைப் பாதுகாப்பு என்ற நான்காவது நிபந்தனையையும் சேர்க்கிறார். செலமேஸ்வரின் அளவுகோல் வேறு விதமாகப் போகிறது. ஒன்பது பேரும் சேர்ந்து கையெழுத்திட்டது கடைசியில் வரும் சுருக்கமான ஆணையில் மட்டும்தான்: எம்.பி. சர்மா தீர்ப்பில் அந்தரங்க உரிமையை மறுத்த பகுதி செல்லாது, கரக் சிங் தீர்ப்பும் அதே அளவுக்குச் செல்லாது, அந்தரங்கம் 21ஆம் பிரிவின் (உயிர், தனிமனித சுதந்திர உரிமை) உள்ளார்ந்த பகுதி, கரக் சிங்குக்குப் பிறகு இப்படிச் சொன்ன தீர்ப்புகள் சரியானவை. நோக்கத்தை மிஞ்சக் கூடாது என்ற சோதனையை 2018ல் ஆதார் வழக்கின் ஐந்து நீதிபதி அமர்வு எடுத்துப் பயன்படுத்தியது. அதை மேற்கோள் காட்டுங்கள், தவறில்லை. யார் சொன்னதை யார் தலையில் ஏற்றுகிறோம் என்று தெரிந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கேசவானந்த பாரதியில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. 1973 ஏப்ரல் 24. பதின்மூன்று நீதிபதிகள், பதினொரு தனித் தீர்ப்புகள். சிக்ரி, ஷெலட், ஹெக்டே, குரோவர், ஜெகன்மோகன் ரெட்டி, முகர்ஜியா ஆகிய ஆறு பேர் நாடாளுமன்றத்தின் திருத்த அதிகாரத்துக்கு உள்ளார்ந்த வரம்பு உண்டு என்றார்கள். ரே, பாலேகர், மேத்யூ, பேக், துவிவேதி, ஒய்.வி. சந்திரசூட் ஆகிய ஆறு பேர் அப்படி வரம்பில்லை என்றார்கள். நடுவில் எச்.ஆர். கன்னா. அவர் முதல் ஆறு பேரின் காரணங்களை ஏற்கவில்லை. ஆனால் ‘திருத்தம்’ என்றால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு மிஞ்சியிருக்க வேண்டும் என்று வேறு வழியில் வந்து சேர்ந்தார். ஏழுக்கு ஆறு என்ற கணக்கு இப்படித்தான் வந்தது. தீர்ப்பு நாளில் ‘பெரும்பான்மையின் கருத்து’ என்ற ஒரு சுருக்கக் குறிப்பில் ஒன்பது நீதிபதிகள் கையெழுத்திட்டார்கள். அந்த ஒன்பதில் பாலேகரும் சந்திரசூட்டும் உண்டு. அதாவது வரம்பில்லை என்று தங்கள் தீர்ப்பில் எழுதியவர்களும் அதில் இருக்கிறார்கள். ரே, மேத்யூ, பேக், துவிவேதி நால்வரும் கையெழுத்திட மறுத்தார்கள். இந்தக் குறிப்புக்கு என்ன சட்ட மதிப்பு, ரேஷியோவை (வழக்கை முடித்த, பிற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் காரணத்தை) அதிலிருந்து எடுப்பதா, பதினொரு தீர்ப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பொதுப் பகுதியைத் தேடுவதா என்ற விவாதம் அப்போதே ஆய்விதழ்களில் தொடங்கிவிட்டது. கன்னா தாம் சொன்னதன் பொருள் என்ன என்பதை 1975ல் இந்திரா காந்தி தேர்தல் வழக்கில் தெளிவுபடுத்த வேண்டி வந்தது. தீர்ப்பை எழுதியவரே இரண்டாண்டு கழித்து விளக்கம் சொல்லும் நிலை என்றால், விமர்சகர் எவ்வளவு நிதானமாகப் படிக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பல தீர்ப்புகள் உள்ள வழக்குக்கு ஒரு அட்டவணை போட்டே ஆக வேண்டும். மேலே நீதிபதிகளின் பெயர், இடப்பக்கம் நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கேள்விகள். ஒவ்வொரு கட்டத்திலும் ‘ஆம்’, ‘இல்லை’, ‘பேசவில்லை’ என்று எழுதி, பக்கத்தில் பத்தி எண் குறிக்க வேண்டும். ‘பேசவில்லை’ என்ற கட்டத்தைத்தான் பலர் ஏமாந்து ‘ஆம்’ ஆக்கிவிடுகிறார்கள். “முடிவில் உடன்படுகிறேன்” என்று எழுதும் நீதிபதி காரணத்தில் உடன்பட்டதாக ஆகாது. “சகோதரர் எழுதிய தீர்ப்பில் முழுமையாக உடன்படுகிறேன், சில வார்த்தைகள் சேர்க்கிறேன்” என்று எழுதுபவர் காரணத்திலும் உடன்பட்டவர். இந்த வேறுபாடு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்; ஆனால் அந்த முதல் பத்தியைத்தான் அவசரத்தில் தாண்டிப் போகிறார்கள்.

அடுத்தது அமர்வின் பலம். அரசமைப்பின் 141ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றம் பிரகடனம் செய்யும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். ஆனால் அந்த நீதிமன்றம் இரண்டு பேராகவும் மூன்று பேராகவும் பிரிந்து அமர்ந்துதான் பெரும்பாலான வழக்குகளை முடிக்கிறது. தலைமை நீதிபதியோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 2019ல் 34 ஆனது. அரசமைப்புக்கு விளக்கம் சொல்லும் முக்கியமான சட்டக் கேள்வி எழுந்தால், 145(3) பிரிவின்படி குறைந்தது ஐந்து பேர் அமர வேண்டும். பெரிய அமர்வு சொன்னதைச் சிறிய அமர்வு மீறக் கூடாது, சந்தேகம் இருந்தால் தலைமை நீதிபதியிடம் அனுப்பலாம் என்று 2004 டிசம்பரில் தாவூதி போரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் முறைப்படுத்தினார்கள். ஏழு பேர் அமர்வில் நான்குக்கு மூன்று என்று வந்த முடிவும், ஐந்து பேர் ஒருமித்துச் சொன்னதும் மோதினால்? இரண்டு பக்கமும் நான்கு, ஐந்து என்று தலையை எண்ணினால் ஐந்துதான் ஜெயிக்கும். ஆனால் எண்ண வேண்டியது அமர்ந்தவர்களை, ஆதரித்தவர்களை அல்ல என்று 2022 செப்டம்பரில் திரிமூர்த்தி ஃப்ராக்ரன்சஸ் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஏழு பேர் அமர்வே நிற்கும்.

சம பலமுள்ள இரண்டு அமர்வுகள் முரண்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளைவிட நல்ல பாடம் கிடையாது. இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் வருமானம் உயர்ந்திருக்குமே, அந்த எதிர்கால உயர்வை எவ்வளவு சேர்ப்பது என்பதுதான் கேள்வி. 2009ல் சர்லா வர்மா வழக்கில் இரண்டு நீதிபதிகள் ஒரு முறை வகுத்தார்கள்: நிரந்தர வேலையில் இருந்தவர் 40 வயதுக்குக் கீழ் என்றால் 50 சதவீதம், 40 முதல் 50 என்றால் 30 சதவீதம், சுயதொழில் செய்தவருக்குப் பொதுவாகக் கூடுதல் இல்லை. 2013 ஏப்ரல் 2ல் ரேஷ்மா குமாரி வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை ஏற்றார்கள். பத்தே நாளில், ஏப்ரல் 12ல், ராஜேஷ் எதிர் ராஜ்பீர் சிங் வழக்கில் வேறு மூன்று நீதிபதிகள் சுயதொழிலுக்கும் கூடுதல் உண்டு என்றார்கள். துணையை இழந்ததற்கு ஒரு லட்சம், ஈமச் செலவுக்கு 25,000 என்றும் உயர்த்தினார்கள். ரேஷ்மா குமாரி தீர்ப்பை அவர்கள் கவனத்துக்கு யாரும் கொண்டுபோகவில்லை.

இங்கே நூலகத்தில் நடக்கும் ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும். எஸ்.சி.சி. (சுப்ரீம் கோர்ட் கேசஸ்) என்ற தனியார் தீர்ப்புத் தொகுப்பில் இரண்டும் ஒரே தொகுதியில் அச்சாகியிருக்கின்றன: 2013, 9ஆம் தொகுதி. ராஜேஷ் 54ஆம் பக்கம், ரேஷ்மா குமாரி 65ஆம் பக்கம். பக்க எண்ணைப் பார்த்து முன்பின் கணக்குப் போட்டால் ராஜேஷ் முந்தியது, ரேஷ்மா பிந்தியது என்று தலைகீழாகத் தெரியும். எது முந்தியது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 2017 அக்டோபர் 31ல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொன்ன காரணமும் அதுவே: முன்பே வந்த சம பலத் தீர்ப்பைக் கவனிக்காத ராஜேஷ் கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பு ஆகாது. கணக்கையும் அவர்களே முடித்துவைத்தார்கள். நிரந்தர வேலைக்கு வயதுப்படி 50, 30, 15 சதவீதம். சுயதொழிலுக்கு 40, 25, 10. சொத்து இழப்புக்கு 15,000, துணை இழப்புக்கு 40,000, ஈமச் செலவுக்கு 15,000, மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீத உயர்வு. நான்கரை ஆண்டு, சுயதொழில் செய்து இறந்த ஒருவரின் குடும்பம் எந்தத் தீர்ப்பாயத்தின் முன் நின்றது, அந்த வக்கீல் எந்தத் தீர்ப்பைக் காட்டினார் என்பதைப் பொறுத்துத் தொகை மாறியது. தீர்ப்பு விமர்சனம் என்பது பல்கலைக்கழகத்துக்குள் நடக்கும் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு வழக்கு போதும். அடிக்குறிப்பில் தேதியை எழுதும் பழக்கம் இருந்தால் பாதித் தவறு அங்கேயே பிடிபடும். ஆண்டு மட்டும் போதாது; நாள், மாதம், ஆண்டு மூன்றும் வேண்டும்.

இன்னொரு நிரந்தரத் தவறு, சிறப்பு அனுமதி மனு தள்ளுபடியானதை “உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது” என்று எழுதுவது. 136ஆம் பிரிவில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்கிறார்கள். அனுமதி கிடைத்த பிறகுதான் அது மேல்முறையீடு ஆகிறது. முதல் கட்டத்திலேயே காரணம் சொல்லாமல் ஒரே வரியில் தள்ளினால், உயர் நீதிமன்றத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு கலப்பதில்லை, அதாவது அது உயர் நீதிமன்றத் தீர்ப்பாகவே நிற்கும். 141ன் கீழ் சட்டப் பிரகடனமும் இல்லை. காரணம் சொல்லித் தள்ளினால், அந்தக் காரணத்தில் உள்ள சட்டக் கூற்று கட்டுப்படுத்தும், ஆனால் கலப்பு அப்போதும் இல்லை. அனுமதி கொடுத்துப் பிறகு மேல்முறையீட்டைத் தள்ளினால் கலப்பு உண்டு. 2000ல் குன்ஹயம்மது வழக்கில் மூன்று நீதிபதிகள் இதை வகுத்தார்கள். 2019ல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் மறுபடியும் அதுவே சரி என்றார்கள். உத்தரவில் ‘அனுமதி அளிக்கப்பட்டது’ என்ற இரண்டு வார்த்தை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகாது.

எந்தப் பிரதியைப் படிப்பது? ஹெட்நோட்டைப் படித்து எழுதாதீர்கள் என்பது எல்லோரும் சொல்வது. ஹெட்நோட் என்பது தீர்ப்புக்கு மேலே பதிப்பாசிரியர் எழுதிய சுருக்கம், தீர்ப்பின் பகுதி அல்ல. அதிகம் பேசப்படாத தொல்லை பத்தி எண். நீதிமன்றத்தின் மூலப் பிரதியில் ஒவ்வொரு நீதிபதியின் தீர்ப்பும் மறுபடி 1ல் தொடங்கலாம். தனியார் தொகுப்புகளில் பதிப்பாசிரியர் தொடர் எண் கொடுத்திருப்பார், நீண்ட பத்தியைப் பிரித்திருப்பார். இப்படிப் பத்தி பிரிப்பது, எண் கொடுப்பது, இன்ன நீதிபதி உடன்பட்டார், இன்னவர் மாறுபட்டார் என்று குறிப்பது ஆகிய வேலைகளுக்கே காப்புரிமை உண்டு என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில் 2007 டிசம்பரில் தீர்ப்பானது. தீர்ப்பின் மூல வாசகம் யாருக்கும் சொந்தமில்லை, யாரும் வெளியிடலாம். ஆக, “பத்தி 112” என்று எழுதினால் எந்தப் பிரதியின் 112 என்பதையும் எழுத வேண்டும். 2023 முதல் உச்ச நீதிமன்றமே ஆண்டு, ஐ.என்.எஸ்.சி. (இந்திய உச்ச நீதிமன்றத்தைக் குறிக்கும் எழுத்துகள்), வரிசை எண் என்ற பொதுக் குறியீடு தருகிறது. அதே ஆண்டில் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். தளத்தில் அதிகாரபூர்வ அறிக்கைத் தீர்ப்புகள் இலவசம். மேற்கோளை மூலப் பிரதியிலிருந்து எடுங்கள்; தொகுப்பின் எண்ணைப் பக்கத்தில் துணைக்கு வையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்புகளும் இப்போது நிறைய வெளிவருகின்றன, படிக்கத் தொடங்க மிக நல்ல வாசல். ஆனால் 348ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்ற நடவடிக்கை ஆங்கிலத்தில் நடப்பதால், வாதத்துக்கான மேற்கோள் ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததாக இருக்க வேண்டும்.

படிக்கும் வரிசை பற்றி ஆளாளுக்கு ஒரு முறை சொல்வார்கள். பலன் தருவது இது. முதலில் கடைசிப் பக்கம்: யார் ஜெயித்தார், என்ன கட்டளை. பிறகு கீழ் நீதிமன்றத் தீர்ப்பு. வழக்கின் சங்கதிகளை அங்கிருந்து எடுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் சங்கதிகள் முடிவுக்கு ஏற்பச் சுருங்கி வந்திருக்கும். சுருக்கத்தில் எது விடுபட்டது என்பதே சில சமயம் கட்டுரையின் உயிராக அமையும். அதன் பிறகு, பெரிய அமர்வுக்கு அனுப்பிய உத்தரவு இருந்தால் அது. அனுப்பிய கேள்விக்கும் பதில் சொன்ன கேள்விக்கும் வேறுபாடு உண்டா என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் முழுத் தீர்ப்பையும் முதலிலிருந்து கடைசி வரை, ஓரத்தில் குறி போட்டுக்கொண்டு படிப்பது. ஒவ்வொரு பத்திக்கும் ஒரு குறி: சங்கதி, வக்கீல் வாதம், பழைய தீர்ப்பின் மேற்கோள், சட்டக் கூற்று, அதை இந்தச் சங்கதிக்குப் பொருத்தியது. நமது தீர்ப்புகளில் வக்கீல் வாதம் பத்து, இருபது பக்கம் ஓடும். நடுவில் நுழைந்தவருக்கு அது நீதிமன்றத்தின் குரல் போலவே கேட்கும். வாதத்தைத் தீர்ப்பென்று மேற்கோள் காட்டிய கட்டுரைகள் அச்சில் ஏறியே இருக்கின்றன.

குறி போட்டு முடித்ததும் சட்டக் கூற்றுப் பத்திகளை மட்டும் தனியே எடுங்கள். ஒவ்வொரு கூற்றையும் எதிர்மறையாக்கிப் பாருங்கள். எதிர்மறையாக்கினாலும் வழக்கின் முடிவு மாறாது என்றால் அது ஒபிட்டர் (வழக்கை முடிக்கத் தேவைப்படாத, கட்டுப்படுத்தாத கருத்து). மாறும் என்றால் ரேஷியோவுக்கு வாய்ப்பு உண்டு. இந்தப் பழைய சோதனைக்கு ஒரு ஓட்டை உண்டு. நீதிமன்றம் ஒரே முடிவுக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு காரணம் சொன்னால், எதை எதிர்மறையாக்கினாலும் மற்றது முடிவைத் தாங்கிப் பிடிக்கும். சோதனைப்படி இரண்டுமே ஒபிட்டர் என்று வரும். உண்மையில் இரண்டுமே ரேஷியோ. அப்படிப்பட்ட இடத்தில் சோதனையை நம்பாமல், நீதிபதி எந்தச் சொற்களில் இரண்டையும் இணைக்கிறார் என்று பார்க்க வேண்டும். “இதைத் தவிர்த்துப் பார்த்தாலும்” என்றால் இரண்டாவது தனிக் காரணம். “போகிற போக்கில் குறிப்பிடலாம்” என்றால் ஒபிட்டர்.

அரசமைப்பு வழக்குகளுக்கு இன்னொரு வசதி இப்போது இருக்கிறது. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வின் விசாரணைகள் நேரலையில் வருகின்றன. 2023 பிப்ரவரி முதல் விசாரணையின் எழுத்து வடிவமும் வெளியாகிறது. எந்த வாதம் வைக்கப்பட்டது, எதற்குத் தீர்ப்பில் பதில் இல்லை என்று முன்பெல்லாம் ஊகிக்கத்தான் முடியும். இப்போது பக்கம் சொல்லிக் காட்டலாம். இந்த ஆவணத்தைப் பயன்படுத்தும் கட்டுரைகள் இன்னும் கூட வேண்டும்.

2025ல் தமிழ்நாடு ஆளுநர் வழக்கு இந்த எல்லாக் கேள்விகளையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. ஏப்ரல் 8ல் இரண்டு நீதிபதிகள், ஆளுநர் நிறுத்திவைத்த பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றார்கள். ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கால வரம்பும் வகுத்தார்கள். மே மாதம் குடியரசுத் தலைவர் 143ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு 14 கேள்விகளை அனுப்பினார். அரசமைப்பு விளக்கம் தேவைப்படும் வழக்கை ஐந்து பேருக்குக் குறையாத அமர்வுக்கு முதலில் அனுப்ப வேண்டாமா என்ற 145(3) கேள்வியும் அதில் ஒன்று. நவம்பர் 20ல் ஐந்து நீதிபதிகள், நீதிமன்றம் கால வரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் தந்ததாகக் கருதவும் இடமில்லை என்று கருத்துரைத்தார்கள். அப்படியானால் அந்தப் பத்துச் சட்டங்களும் போயினவா? இங்கேதான் விமர்சகர் கவனமாக நடக்க வேண்டும். 143ன் கீழ் தருவது கருத்து. தரப்பினரிடையே முடிந்துபோன தீர்ப்பின் மேல் அது மேல்முறையீடு ஆகாது என்று 1991ல் காவிரி நடுவர் மன்றம் பற்றிய கருத்துரையில் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வருங்காலத்துக்கான சட்டம் எது, அந்த வழக்கின் தரப்பினருக்குக் கிடைத்த நிவாரணம் எது என்று இரண்டையும் பிரித்து எழுதாத கட்டுரை, எந்த அரசியல் பக்கம் நின்றாலும், வாசகரைக் குழப்பத்தான் செய்யும்.

என்ன சொன்னார்கள் என்பதை இப்படி நிலைநிறுத்திய பிறகே விமர்சனம். வலுவான விமர்சனம் பெரும்பாலும் தீர்ப்பின் உள்ளிருந்தே கிளம்பும்: நீதிமன்றம் தானே ஏற்ற சங்கதியிலிருந்து இந்த முடிவு வருமா, தன் முந்தைய தீர்ப்போடு பொருந்துமா? 1979 செப்டம்பர் 16 தேதியிட்டு, உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். காவல் நிலையத்தில் பழங்குடிச் சிறுமி ஒருத்திக்கு நேர்ந்த கொடுமையில், இரண்டு காவலர்களை 1978ல் உச்ச நீதிமன்றம் விடுவித்த துக்காராம் எதிர் மகாராஷ்டிர மாநிலம் தீர்ப்பைப் பற்றியது அது. உடலில் காயமில்லை, எதிர்ப்பின் தடயமில்லை, ஆகவே சம்மதம் என்பது தீர்ப்பின் போக்கு. அச்சத்தால் பணிந்துபோவதும் சம்மதமும் ஒன்றல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் அதே வழக்கில் பிரித்துக் காட்டியிருந்தது. பேராசிரியர்கள் புதிய சாட்சியம் எதையும் தேடிப் போகவில்லை. தீர்ப்பில் உள்ள சங்கதிகளையே வரிசையாக வைத்து, இதிலிருந்து நிரூபணமாவது பணிந்துபோனது மட்டுமே, சம்மதம் எங்கே என்று கேட்டார்கள். கடிதம் எஸ்.சி.சி. இதழ்ப் பகுதியிலேயே அச்சானது. நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983ல் குற்றவியல் சட்டத் திருத்தம் வந்தது. காவலில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கில், உறவு நிரூபணமாகி, சம்மதமில்லை என்று அந்தப் பெண் சொன்னால், சம்மதமில்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்ற 114ஏ பிரிவு சாட்சியச் சட்டத்தில் சேர்ந்தது. ஒரு தீர்ப்பு விமர்சனம் எப்படி எழுதப்பட வேண்டும் என்று கேட்கும் மாணவருக்கு முதலில் கொடுக்க வேண்டியது இந்தக் கடிதத்தைத்தான். கோபம் வரிக்கு வரி தெரியும். ஒரு வரி கூடத் தீர்ப்பின் சங்கதியைத் தாண்டியிருக்காது.

கடுமையாக எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு ஆகுமோ என்ற தயக்கம் இளம் எழுத்தாளர்களிடம் நிறைய இருக்கிறது. 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, விசாரித்து இறுதியாக முடிந்த வழக்கின் தகுதி பற்றிய நியாயமான விமர்சனம் அவமதிப்பு ஆகாது என்கிறது. நீதிபதியின் நோக்கத்தைப் பற்றி எழுதாமல் காரணத்தைப் பற்றி எழுதும் வரை தயங்க வேண்டியதில்லை. காரணம் தவறு என்று காட்ட முடிந்தவருக்கு நோக்கம் பற்றிய ஊகம் தேவைப்படாது. வேறொரு நேர்மையும் வேண்டும்: அந்த வழக்கில் ஆஜரான வக்கீலோ, ஆஜரானவரின் அலுவலகத்தில் வேலை பார்த்தவரோ எழுதினால், முதல் அடிக்குறிப்பிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு தீர்ப்பை விட்டு, ஆண்டு முழுவதையும் எண்ணிக்கையாகப் பார்க்கும் ஆய்வுகளும் பெருகிவருகின்றன. அதில் முதல் குழி, எதை ஒன்று என்று எண்ணுவது என்பதே. ஒரே தீர்ப்பு நூற்றுக்கணக்கான மேல்முறையீடுகளை முடித்துவைக்கும். வழக்கு எண்ணை எண்ணினால் அரசு தோற்ற ஒரு வரி வழக்கு நூறு தோல்வியாகத் தெரியும். இரண்டாவது, அறிக்கைத் தொகுப்பில் ஏறிய தீர்ப்புகளை மட்டும் எடுத்துவிட்டு, ‘உச்ச நீதிமன்றம்’ என்று பொதுமைப்படுத்துவது. ஒரு வரித் தள்ளுபடிகள் அதில் இருக்காது. மூன்றாவது, ஒரே ஆள் எல்லாவற்றையும் வகைப்படுத்துவது. முதல் முப்பது தீர்ப்புகளை இருவர் தனித்தனியே வகைப்படுத்தி ஒப்பிட்டால், ‘ஓரளவு அனுமதிக்கப்பட்டது’ என்ற மேல்முறையீடு யாருக்கு வெற்றி என்பதில் இருவரும் முட்டிக்கொள்வது உறுதி. விதியை அப்போதே எழுதி வைத்துவிட்டு மேலே போகலாம்.

நீளம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல இதழ்கள் தீர்ப்புக் குறிப்புக்கு 2,500 முதல் 5,000 சொல் கேட்கின்றன. அதில் சங்கதிகள் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கட்டுரை தளர்ந்துவிடும். முடிவுரையில் “காலம்தான் பதில் சொல்லும்” என்று எழுத நேர்ந்தால், சொல்ல வேண்டியது இன்னும் சொல்லப்படவில்லை என்று பொருள். நடுப்பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

கடைசியாகக் காலம். கட்டுரை அனுப்பி, மதிப்பாய்வு முடிந்து, திருத்தி, அச்சாக எட்டு, பத்து மாதம் ஆவது சாதாரணம். அதற்குள் சட்டம் மாறிவிடலாம். முத்திரைத்தாள் கட்டணம் செலுத்தாத ஒப்பந்தத்தில் உள்ள நடுவர் மன்ற ஷரத்து செல்லுமா என்ற கேள்வியில், 2023 ஏப்ரல் 25ல் என்.என். குளோபல் வழக்கில் ஐந்து பேர் அமர்வு மூன்றுக்கு இரண்டு என்று, செல்லாது என்றது. அதே ஆண்டு டிசம்பர் 13ல் ஏழு பேர் அமர்வு ஒருமித்து அதை மாற்றிவிட்டது. எட்டு மாதம் கூட ஆகவில்லை. ஏப்ரல் தீர்ப்பின் பெரும்பான்மையை மட்டும் அலசிய கட்டுரைகள் அச்சு மை காய்வதற்குள் பழசாகிவிட்டன. ரஸ்தோகி, ஹிருஷிகேஷ் ராய் இருவரின் மாறுபட்ட தீர்ப்புகளுக்குப் பாதி இடம் ஒதுக்கியவர்களின் கட்டுரைகள் டிசம்பருக்குப் பிறகும் பயன்பட்டன. தடை உத்தரவுகள் ஆறு மாதத்தில் தானாகக் காலாவதியாகும் என்ற 2018ஆம் ஆண்டு ஏஷியன் ரிசர்ஃபேசிங் தீர்ப்பு 2024 பிப்ரவரி 29ல் போயிற்று. டெல்லி மெட்ரோ வழக்கிலோ, 2024 ஏப்ரலில், சீராய்வும் (அதே நீதிமன்றத்திடம் மறுபரிசீலனை கேட்பது) தோற்ற பிறகு, கடைசி வழியான குறைநீக்கு மனுவில் முடிவே புரண்டது. ஆகவே கட்டுரையின் முதல் அடிக்குறிப்பில் “இன்ன தேதி வரையுள்ள நிலை” என்று எழுதிவிடுங்கள். இறுதிப் படி கைக்கு வந்ததும், வழக்கின் டைரி எண்ணை வைத்து உச்ச நீதிமன்றத் தளத்தில் சீராய்வு மனு நிலுவையில் உள்ளதா, வேறு அமர்வுக்கு அனுப்பப்பட்டதா என்று ஒருமுறை பாருங்கள். புது உத்தரவு வந்திருந்தால் பின்குறிப்பாக ஒரு வரி ஒட்டிவிட்டு அச்சுக்கு அனுப்ப வேண்டாம். அந்த உத்தரவு உங்கள் வாதத்தின் எந்தக் காலை வெட்டுகிறது என்று பார்த்து, அந்தப் பகுதியை முழுவதும் மாற்றி எழுத இதழிடம் இரண்டு வாரம் கேளுங்கள். நல்ல பதிப்பாசிரியர் மறுக்க மாட்டார்.